99 அறைகளும் ஓர் அறையும்

ஒரு சின்னப் பெட்டி வாங்க மூன்று மாதம் யோசித்தேன் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். காலடியில் கிடக்கிற பெட்டி. ஒருமுறை மிதித்தால் வயலின் ஒலியைப் பதிந்துகொள்ளும். மறுமுறை மிதித்தால் பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும்; அதன்மேல் இன்னொரு வரிசையை வாசித்து ஏற்றலாம். லூப் என்கிறார்கள். தனியாக மேடையில் உட்காருகிற என்னைப் போன்றவனுக்கு இதுதான் பக்கவாத்தியம்.

எவ்வளவு சேமிக்கும் என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. பாஸ் ஆர்.சி.3 என்ற பெட்டியில் 99 அறைகள், மொத்தம் மூன்று மணி நேரம். டி.சி. எலக்ட்ரானிக் வெளியிட்ட டிட்டோவில் ஒரே அறை, ஐந்து நிமிஷம். ஒரு குமிழ், ஒரு மிதி. நான் முதலில் 99 அறை உள்ளதைத்தான் வாங்கினேன். எந்த நடுத்தர வர்க்கத்து மனமும் அதைத்தான் வாங்கும்.

இந்த உத்தியின் ஆரம்பத்தில் சேமிப்பு என்ற எண்ணமே முக்கியமாக இருந்ததாகத் தெரியவில்லை. 1963-ல் பாரிஸில் டெர்ரி ரைலி ஒரு நாடகத்துக்காக, ட்ரம்பெட் கலைஞர் செட் பேக்கரின் குழு வாசித்ததை வைத்து இசை அமைத்துக்கொண்டிருந்தார். அவர் கேட்ட விளைவுக்காக ஒரு பிரெஞ்சு ரேடியோ என்ஜினியர் இரண்டு டேப் ரிக்கார்டர்களை ஒரே நாடாவால் இணைத்தார். முதலாவது பதியும், நாடா நகர்ந்து இரண்டாவதில் ஒலிக்கும், அந்த ஒலி மறுபடி முதலாவதுக்குப் போய்ப் புதிய ஒலியோடு பதியும். 1972-ல் லண்டனில் பிரையன் ஈனோவும் ராபர்ட் ஃப்ரிப்பும் இரண்டு ரீவாக்ஸ் இயந்திரங்களை வைத்து இதையே செய்தார்கள். அடுத்த வருஷம் அது இசைத்தட்டாக வந்தது.

அந்த ஏற்பாட்டில் காலத்தை அடிக்கோலால் அளக்கலாம். விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும் நாடாவில் ஐந்து விநாடி இடைவெளி வேண்டுமென்றால் இயந்திரங்களுக்கு நடுவே மூன்றடிக்குச் சற்று மேல் தூரம் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பழைய ஒலி கொஞ்சம் மங்கும், புதியதற்கு இடம் விடும். 1979-ல் ஃப்ரிப் இதைச் சுமந்துகொண்டு இசைத்தட்டுக் கடைகளில்கூட வாசித்தார். கட்டிய நாடாவைத் திருப்பிச் சுற்றி, அதை ஓடவிட்டு மேலே வாசிப்பார். அதுவும் சேமிப்புதான். ஆனால் சற்றுமுன் அதே ஜனங்களின் எதிரில் சேமித்தது.

என் முதல் மேடையில் கால் சற்றே பிந்தியது. கச்சேரியில் தவறு வந்த வழியே போய்விடும். இங்கே எட்டு விநாடிக்கு ஒருமுறை நொண்டிக்கொண்டு திரும்பி வந்தது. அவமானம். அதன்பின் லூப்களை வீட்டிலேயே பிசகில்லாமல் வாசித்து அறைகளில் அடைத்துக்கொண்டு போனேன். பாராட்டினார்கள். நண்பர் ஒருவர் மட்டும் வெளியே வந்து, 'நேத்து வீட்ல வாசிச்சதுக்கு இன்னிக்கு எங்களை ஏன்யா கூப்பிட்டே?' என்றார். சண்டை போட்டேன். நாடகக்காரனுக்கும் காட்சிக்குக் காட்சி வேறு ஒலி தேவைப்படுகிறவனுக்கும் 99 அறை அவசியம்தான். எனக்கு அது அவசியம் அல்ல, பயம் என்பதை ஒப்புக்கொள்ள ஒரு வருஷம் ஆயிற்று.

அந்த நண்பர் போன வருஷம் இறந்துபோனார். அவர் குரல் 37-ம் அறையில் இருந்தது. ஒருநாள் ஒத்திகையின்போது, வயலினுக்கு வைத்த மைக் பக்கம் வந்து விளையாட்டாக முனகியது. பத்து விநாடி, கடைசியில் ஒரு சின்ன இருமல். அஞ்சலிக் கூட்டத்தில் அந்தக் குரலுக்கு மேல் நான் வாசிக்க வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கும் ஆசையாக இருந்தது. வீட்டில் வாசித்துப் பார்த்தேன். முதல் சுற்றில் அவர் இருந்தார். மூன்றாவதில் அதே இடத்தில் அதே மூச்சு. ஐந்தாவதில் நான் இருமலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அதை வைத்து வில்லைத் திருப்பினேன். அவர் எனக்குத் தாளமாகிவிட்டார்.

பெட்டியை அணைத்தேன். நாடாவாக இருந்திருந்தால் சுற்றுக்குச் சுற்று மங்கியிருப்பார், அந்த மரியாதையாவது நடந்திருக்கும். தம்புராவில் கூட அதே நாலு தந்திதான் திரும்பத் திரும்ப வருகிறது; ஆனால் மீட்டுகிற விரல் உயிரோடு இருக்கிறது, களைக்கிறது, சற்று முன்பின்னாக விழுகிறது. டிஜிட்டல் ஞாபகத்துக்குக் களைப்பு கிடையாது.

மறுநாள் ஓர் அறைப் பெட்டியை வாங்கினேன். அணைத்தாலும் கடைசி லூப்பை அதுவும் வைத்துக்கொள்ளும். அதனால் மேடையில் உட்கார்ந்ததும் மிதியை அழுத்திப் பிடித்து அதை அழித்துவிடுகிறேன். அஞ்சலிக் கூட்டத்தில் அப்படித்தான் தொடங்கினேன். கால் மறுபடியும் பிந்தியது. நொண்டல் கடைசிவரை கூடவே வந்தது. நிறுத்தவில்லை.

37-ம் அறையை அழிக்கவில்லை. பழைய பெட்டியை மேடைக்கு எடுத்துப்போவதும் இல்லை.