நாடாவில் நின்ற குரல்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. 1935ஆம் ஆண்டு டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்களை உருவாக்கியது. அங்கே பாடலும் உரையாடலும் பிழை நீங்கும்வரை திரும்பத் திரும்பப் பதிவாயின. அந்த வட்டாரத்தில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. ஒலியைப் பதிவுசெய்வதன்று, அதைப் பெருக்கித் தருவதையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த முதியவர் ஒருவர் அவ்வூரில் இருக்கிறார். ஊரார் அவரை மைக்செட்காரர் என்றே அழைப்பர்.

திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா, அரசியல் கூட்டம் என எதுவாயினும் அவருடைய கூம்புக் குழாய்கள் புளியமரக் கிளையில் ஏறிய பிறகே ஊருக்கு விழா தொடங்கும். இப்போது தொழிலை மகன் நடத்துகிறார். கூம்புக் குழாய்களின் இடத்தை ஆளுயரப் பெட்டி ஒலிபெருக்கிகள் பிடித்துக்கொண்டன. முதியவரிடம் எஞ்சியவை பழைய ஒலிபெருக்கிக் கருவி ஒன்று, இரண்டு ஒலிவாங்கிகள், பரண்மேல் ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெட்டியை மட்டும் அவர் திறப்பதே இல்லை.

தொழிலில் அவர் கொண்டிருந்த கொள்கை ஒன்றுதான்: மைக் கத்தக்கூடாது. குழாயிலிருந்து வெளிப்படும் ஒலியை ஒலிவாங்கி மீண்டும் வாங்கிக்கொள்ளும். கருவி அதைப் பெருக்கிக் குழாய்க்கு அனுப்பும். அது மறுபடியும் ஒலிவாங்கிக்குள் புகும். இச்சுழற்சி ஒரு நொடியில் முற்றிக் காதைத் துளைக்கும் ஊளையாகும். ஒலிவாங்கியைக் குழாய்க்கு எதிரே வைக்காமல் இருப்பதே தொழிலின் முதற்பாடம். நாற்பது ஆண்டுகள் அப்பாடத்தைத் தவறாது பின்பற்றியவர், ஒரே ஓர் இரவில் மட்டும் தவறினார்.

தொலைவிலிருந்து வந்த திருவிழா

ஆடி மாதத்து மாலையொன்றில் மலைப்பக்கம் மழை இருட்டிக்கொண்டிருந்தது. பதினொன்றாம் வகுப்புப் பயிலும் பேத்தி தன் கைப்பேசியுடன் திண்ணைக்கு வந்தாள்.

“தாத்தா, அமெரிக்காவுல நடந்த ஒரு திருவிழா. அப்படியே பதிவு பண்ணி வெச்சிருக்காங்க. கேக்கறீங்களா?”

“எந்த வருசத்துது கண்ணு?”

“அறுபத்தொன்பது.”

முதியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாம் தொழில் பழகத் தொடங்கிய காலம் அவருக்கு நினைவுக்கு வந்தது.

அவள் குறிப்பிட்டது ஊட்ஸ்டாக் இசைவிழா. 1969 ஆகஸ்டு 15ஆம் நாள் தொடங்கி 18ஆம் நாள் காலைவரை, நியூயார்க் மாநிலத்தின் பெத்தேல் என்னும் சிற்றூரில் அது நடைபெற்றது. மேக்ஸ் யாஸ்கர் என்னும் பால்பண்ணை உழவரின் நிலமே விழாக்களம். அங்கே நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டனர். சாலைகள் அடைபட்டன, உணவு போதவில்லை, இடையிடையே மழை கொட்டியது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த அக்காலத்தில், அமைதியை வேண்டிய ஓர் இளந்தலைமுறையின் அடையாளமாக அவ்விழா வரலாற்றில் நிலைத்தது.

மேடையில் ஒலித்தவற்றைப் பொறியாளர்கள் ஒலிநாடாவில் பதிவுசெய்தனர். 1970இல் அவற்றுள் சில பகுதிகள் மூன்று இசைத்தட்டுகளாக வெளிவந்தன. விழாவின் ஐம்பதாம் ஆண்டான 2019இல், ஏறத்தாழ முழு விழாவும் 38 குறுவட்டுகள் கொண்ட தொகுப்பாக வெளியிடப்பட்டது. மொத்தம் 36 மணிநேர ஒலி. அந்தக் கணக்கைக் கேட்டதும் முதியவர் தம் கணக்கில் அதை அளந்தார். “ஒரு ராத்திரிக் கூத்து எட்டு மணிநேரம். அப்படின்னா நாலரை ராத்திரிக் கூத்து!”

இசைக்கு இடையே கேட்டவை

இணையத்தில் கிடைத்த பகுதிகளைப் பேத்தி ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டாள். அவள் பாடல்களைக் கேட்டாள். முதியவரோ பாடல்களுக்கு இடையே இருந்தவற்றைக் கேட்டார்.

விழாவைத் தொடங்கிவைத்தவர் ரிச்சி ஹேவன்ஸ் என்னும் பாடகர். அடுத்துப் பாட வேண்டியவர்கள் சாலை நெரிசலில் சிக்கியதால், தெரிந்த பாடல்கள் தீர்ந்த பின்னும் அவர் மேடையை விட்டு இறங்க இயலவில்லை. பழம்பாடல் ஒன்றைப் பற்றிக்கொண்டு அங்கேயே புதிதாகப் பாடத் தொடங்கினார். பேத்தி இதைக் கூறியதும் முதியவர் சிரித்தார். வேடம் கட்டுபவர் ஒப்பனை முடித்து வரும்வரை கட்டியக்காரன் பாட்டாலும் கேலியாலும் அவையை நிறுத்திவைப்பது தெருக்கூத்தின் வழக்கம். “இவரு அந்த ஊர்க் கட்டியக்காரரு” என்றார் அவர்.

பிறகு ஓர் உரை ஒலித்தது. ஆங்கில உரை; பொருள் முழுதும் விளங்கவில்லை. ஆயினும் முதியவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

“இது நம்ம பக்கத்து நாக்கு மாதிரி இருக்குதே!”

பேத்தி தேடிப் பார்த்து வியந்தாள். ஊட்ஸ்டாக் விழாவின் முதல்நாளில் அவையோருக்கு அமைதியையும் ஒலியின் ஆற்றலையும் எடுத்துரைத்த அந்தத் துறவி, சுவாமி சச்சிதானந்தர். கோயம்புத்தூரை அடுத்த செட்டிப்பாளையத்தில் 1914இல் பிறந்தவர், இயற்பெயர் இராமசாமி. கடல் கடந்து சென்று, அத்தனை பெரிய கூட்டத்தின் முன்னே ஒலித்த ஒரு கொங்குக் குரலை, ஐம்பது ஆண்டுகள் கழித்துச் சேலத்துத் திண்ணையில் ஒரு மைக்செட்காரரின் செவி அடையாளம் கண்டுகொண்டது.

அன்றிரவு பண்டிட் ரவிசங்கர் சித்தார் வாசித்தார். உஸ்தாத் அல்லா ரக்கா தபலா வாசித்தார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே மழை வந்துவிட்டது. மறுநாள் ஈர மேடையில் ஏறிய கிரேட்ஃபுல் டெட் குழுவினரைக் கருவிகளின் வழியே மின்சாரம் தாக்கியது. மூன்றாம் நாள் பெரும்புயல் வீசியபோது, ஒலிபெருக்கிகள் ஏற்றப்பட்ட சாரங்களிலிருந்து மக்கள் இறங்க வேண்டும் என மேடையிலிருந்து மீண்டும் மீண்டும் அறிவிக்கப்பட்டது. கூட்டத்தில் பிரிந்தவர்களைத் தேடும் அறிவிப்புகளும் மருத்துவ அறிவிப்புகளும் பாடல்களுக்கு நடுவே வந்தன.

முதியவரின் முகத்தில் இப்போது தொழில்காரரின் கவலை படிந்திருந்தது. “மழையில மின்கம்பியை எப்படிக் காப்பாத்தினாங்களோ! அந்த மைக்செட்காரரு யாரு?” என்று வினவினார். பில் ஹேன்லி என்னும் பெயரைப் பேத்தி படித்துக் காட்டினாள். அவர் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பின்னர், “இத்தனை இரைச்சலையும் ஏன் வெட்டி எடுக்காம வெச்சிருக்காங்க?” என்றார்.

“அதுவும் சேர்ந்ததுதானே தாத்தா அந்த விழா. முதல்ல வந்த இசைத்தட்டுல ஒரு பாட்டு, பிறகு நியூயார்க் அரங்கத்துல பதிவானதாம். கிராஸ்பி, ஸ்டில்ஸ், நாஷ், யங் குழு பாடினது. அது ஊட்ஸ்டாக்கில பாடினது இல்லைன்னு கண்டுபிடிச்சு இன்னமும் குறை சொல்றாங்க.”

முதியவர் மறுமொழி கூறவில்லை.

ஊளையும் இசையும்

இறுதியாக அவள் ஒலிக்கவிட்டது ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்த கித்தார் இசை. திங்கட்கிழமை காலை, கூட்டத்தின் பெரும்பகுதி கலைந்துவிட்டிருந்தது. எஞ்சியிருந்தோர் முன்னிலையில் அவர் அமெரிக்க நாட்டுப்பண்ணைக் கித்தாரில் வாசித்தார். தெரிந்த மெட்டு சிறிது தூரம் நேராகச் சென்றது. பிறகு அலறியது, சிதறியது, குண்டு விழுவதைப்போல் அதிர்ந்தது, மீண்டும் மெட்டுக்குத் திரும்பியது.

முதியவர் திடுக்கிட்டார். “மைக் கத்துது!” என்றார்.

அவர் சொன்னது சரியே. ஒலிவாங்கியும் குழாயும் எதிரெதிரே நின்றால் எழும் அதே ஊளைதான் அது. மின்கித்தாரின் நரம்பதிர்வை ஓர் உறுப்பு மின்னலையாக மாற்றுகிறது; அருகிலுள்ள ஒலிபெருக்கியின் அதிர்வால் அந்த நரம்பு மீண்டும் தூண்டப்படுகிறது. ஹென்ட்ரிக்ஸ் அந்தச் சுழற்சியை அஞ்சி ஒதுக்கவில்லை. அதை விரலுக்குள் அடக்கி வேண்டிய இடத்தில் எழுப்பினார். போர்க்காலத்து நாட்டின் பண்ணுக்குள் போரின் ஓலமும் கேட்பதாகப் பலர் அதை உணர்ந்தனர்.

“வேணும்னே கத்த விட்டாரா?”

“ஆமாங்க தாத்தா. அதைத்தான் உலகமே இன்னிக்கும் கேக்குது.”

நெடுநேரம் அமைதியாக இருந்த முதியவர் எழுந்து உள்ளே சென்றார். பரண்மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கினார். அதற்குள் துணியில் சுற்றிய ஒலிநாடாப் பேழை ஒன்று இருந்தது.

ஒரு பக்கம் மட்டும்

முதியவரின் தமையனார் கூத்துக் கலைஞர். கட்டியக்காரன் வேடத்தில் பெயர் பெற்றவர். ஒவ்வோர் ஆண்டும் ஊர்த் திருவிழாவில் தமையன் ஆட, தம்பி ஒலிபெருக்கி அமைப்பார். அவ்வாறு எத்தனையோ இரவுகள் கழிந்தன. அவற்றுள் ஒன்றையேனும் பதிவுசெய்ய வேண்டும் என அண்ணனுக்கும் தோன்றவில்லை, தம்பிக்கும் தோன்றவில்லை. அடுத்த ஆண்டும் அண்ணன் ஆடுவார் என்ற நம்பிக்கையே காரணம். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒருமுறை, வெளியூரிலிருந்து விடுப்பில் வந்த உறவினர் ஒருவர் மேடையோரத்தில் தம் ஒலிப்பதிவுக் கருவியை வைத்து அரைமணி நேரம் பதிவுசெய்தார். அந்த இரவில்தான் மைக் கத்தியது. அண்ணன் மேல்கட்டையில் பாட்டெடுத்த நொடியில் ஊளை எழுந்து அவர் குரலை விழுங்கிற்று. ஊர் பார்க்க அண்ணனைத் தலைகுனிய வைத்துவிட்டோம் என்ற எண்ணம் தம்பியின் மனத்தில் தைத்துக்கொண்டது. அண்ணன் மறைந்த பிறகும் அந்த நாடாவைக் கேட்கும் துணிவு அவருக்கு வரவில்லை.

கொங்கு நாட்டில் இத்தகைய பதிவுகள் அரியவை. ஆனால், இல்லாதவை அல்ல. ஊட்ஸ்டாக் விழாவுக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1965இல், பின்னாளில் கனடாவில் பேராசிரியராக விளங்கிய மானிடவியலாளர் பிரெண்டா பெக், காங்கேயம் பகுதியிலுள்ள ஓலப்பாளையத்தில் தங்கியிருந்தார். உடுக்கடிப் பாடகர்கள் இரவுதோறும் பாடிய அண்ணன்மார் கதையை அவர் ஒலிநாடாவில் பதிவுசெய்தார். பின்னர் அக்கதை தமிழும் ஆங்கிலமுமாக நூல்வடிவமும் பெற்றது. அந்தப் பாடகர்களின் குரலைக் காக்க ஒரு கருவியும் அதை இயக்க ஒருவரும் அன்று அங்கே இருந்தனர். அவ்வாறு எவரும் வாராத ஊர்களில் பாடியோர் எத்தனையோ பேர்.

நாடாவில் வெண்பூஞ்சை படிந்திருந்தது. அதை மெல்லத் துடைத்து, எழுதுகோலைப் பற்சக்கரத்தில் செருகிச் சுற்றி, தளர்ந்த நாடாவை இறுக்கினார் முதியவர். மகன் பழைய ஒலிப்பதிவுக் கருவியைத் தேடிக் கொணர்ந்தார். அறுந்துவிடுமோ என்ற அச்சத்தால், ஒலிக்கும்போதே கைப்பேசியில் மறுபதிவு செய்யப் பேத்தி அணியமானாள்.

முதலில் நாய் குரைத்தது. குழந்தை அழுதது. முகவீணையும் மத்தளமும் எழுந்தன. கட்டியக்காரனின் குரல் வந்தது. அந்த வீட்டில் பல ஆண்டுகளாகக் கேட்காத குரல். குரல் ஏறிற்று, ஊளை வெடித்தது. முதியவர் கண்களை மூடிக்கொண்டார். ஊளை அடங்கியதும் அண்ணன் பேசினார்:

“எந்தம்பி வெச்ச மைக்குங்க! என்னையவிட ஒரு கட்டை கூடப் பாடுது. அதையே ஆடச் சொல்லுங்க, நான் போயி ஒரு டீ குடிச்சுட்டு வாரேன்!”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. அச்சிரிப்பு அடங்கும் முன்பே, ஊளை நின்ற அதே சுருதியில் அண்ணன் அடுத்த பாட்டைத் தொடங்கினார். முகவீணைக்காரர் ஒருகணம் தடுமாறி அவரைத் தொடர்ந்தார். கைதட்டல் நாடாவையே அதிரவைத்தது.

முதியவரின் கண்களில் நீர் பெருகியது. ஊளையை மட்டுமே அவர் நினைவில் வைத்திருந்தார். அந்தக் கேலியை, அந்தச் சிரிப்பை, ‘எந்தம்பி’ என்று ஊர் முன்னே சொன்ன பெருமிதத்தை அவர் மனம் கைவிட்டிருந்தது. மனம் கைவிட்டதை அந்த நாடா கைவிடவில்லை. பாட்டை மட்டும் வெட்டியெடுத்துக் காத்திருந்தால் அந்த மன்னிப்பு அவருக்கு எட்டியிருக்காது.

அடுத்த திருவிழாவுக்கு மகன் பெட்டி ஒலிபெருக்கிகளை அமைத்தார். கூத்து தொடங்குமுன் பேத்தி பதிவுக்கருவியை மேடையோரத்தில் பொருத்திக்கொண்டிருந்தாள். முதியவர் அருகில் வந்து பார்த்தார். தம் பழைய ஒலிவாங்கிகளுள் ஒன்றை அவளிடம் நீட்டினார்.

“ஒண்ணு ஆடறவங்க பக்கம் இருக்கட்டும் கண்ணு. இதைக் கூட்டத்துப் பக்கம் திருப்பி வை.”