வாப்பாவின் வண்டிக்கு ஒரு காவல் கம்பி

என் வாப்பா எங்களுக்கு விட்டுச் சென்ற உடைமைகளுள் 1968-ஆம் ஆண்டு புல்லட் மோட்டார் சைக்கிளும் ஒன்று. காயல்பட்டினத்தின் உப்புக் காற்றை அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தாங்கி நிற்கும் அவ்வண்டியை இப்பொழுது என் லாத்தாவின் மகன் ஓட்ட விரும்புகிறான். லாத்தா ஒரு நிபந்தனையின் பேரில்தான் இசைந்தார். "காலுக்குக் காவலாக முன்னால் கம்பி பூட்டாமல் இந்த வண்டி வாசற்படி இறங்கக் கூடாது, தம்பி! அதை நீயே நின்று பார்த்துச் செய்" என்று என்னிடம் கூறிவிட்டார்.

பட்டறைகளில் 'லெக் கார்டு' என்பார்கள். கடைக்குச் சென்றால் பளபளக்கும் கம்பிகள் பலவிதம் கிடைக்கும். அவற்றை வண்டியோடு பிணைக்கும் போல்ட்டுகளையோ யாரும் பொருட்படுத்துவதில்லை. டப்பாவில் கைவிட்டு, அகப்பட்டதை எடுத்து முறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். தளர்ந்த கம்பி, கம்பியே இல்லாததைவிடக் கேடானது. பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கும் பின்சக்கர பிரேக் இடக்காலுக்கும் உரியவை. இடப்பக்கப் போல்ட் கழன்று கம்பி சாய்ந்தால், மிதிக்க வேண்டிய நேரத்தில் பிரேக் மிதியடி அதில் சிக்கக் கூடும்.

எல்லா விபத்திலும் இக்கம்பி காப்பாற்றிவிடும் என்று நம்புவதும் தவறு. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழுவினர் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டனர். காப்புக் கம்பியால் பாதத்திற்கும் கணுக்காலுக்கும் ஏற்படும் காயம் குறைகிறது. ஆனால் முழங்காலிலும் தொடையிலும் காயம் கூடி அந்த நன்மையைச் சமன் செய்துவிடுகிறது என்று அவ்வறிக்கை கூறிற்று. தலைக்கவசத்தின் பயனையோ அது ஐயமின்றி வலியுறுத்தியது. ஆகவே மருமகனுக்கு முதலில் தலைக்கவசத்தை வாங்கிக் கொடுத்தேன். எனினும் சந்து முனையில் மெதுவாகத் திரும்பும்போது சறுக்கி விழுந்தால், ஏறத்தாழ 160 கிலோ எடையின் அடியில் பாதம் நசுங்காமல் காப்பது இக்கம்பிதான். அந்த அளவில் லாத்தாவின் அச்சம் நியாயமானதே.

எங்கள் கம்பி மேலே சட்டத்தின் முன்குழாயைக் கவ்வும் பட்டையிலும், கீழே எஞ்சினைத் தாங்கும் தகடுகளின் ஊடே செல்லும் நீண்ட தண்டிலும் அமர்கிறது. மேலே சிக்கல் இல்லை; போல்ட்டும் நட்டும் இரண்டுமே புதியவை. கீழேதான் எச்சரிக்கை வேண்டும். புல்லட் இங்கிலாந்தில் பிறந்த வண்டி. 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கி, பின்னர் திருவொற்றியூரில் உற்பத்தி வேரூன்றிய பிறகும் பழைய ஆங்கில அங்குல மரைகள் பல இடங்களில் நெடுங்காலம் நீடித்தன. இன்று கடையில் கிடைப்பனவோ பெரும்பாலும் மில்லிமீட்டர் மரைகள்.

எங்கள் வண்டியின் தண்டு 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். கடைக்காரர் நீட்டியது 8 மில்லிமீட்டர் நட்டு. வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஆறு பங்கு, கண்ணுக்குப் புலப்படாது. நட்டு இரண்டு மூன்று சுற்று ஏறி, இறுகி நின்றது.

"பாய், இது போதும். கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓங்கி முறுக்கினால் உட்கார்ந்துவிடும்" என்றார் அவர்.

"ஆமாம் மாமா, உள்ளே போகிறதே!" என்று மருமகனும் ஆமோதித்தான்.

நான் மரை அளக்கும் தகட்டை அவன் கையில் கொடுத்தேன். சீப்பைப் போன்ற பற்களை உடைய எளிய கருவி அது. தண்டில் அங்குலத்திற்கு 26 சுற்றுகள் இருந்தன. பழைய ஆங்கில சைக்கிள் மரை. கடைக்காரரின் நட்டிலோ ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 1.25 மில்லிமீட்டர்; அங்குலக் கணக்கில் 20 சுற்றுகளே. இதே 5/16 அங்குலத்தில் 22 சுற்று உடையதும் உண்டு, 18 சுற்று உடையதும் உண்டு. அவ்விரண்டின் மரைக் கோணம் 55 பாகை; சைக்கிள் மரைக்கும் மில்லிமீட்டர் மரைக்கும் 60 பாகை. ஓங்கி முறுக்கியிருந்தால் நட்டு இறுகியது போலத் தோன்றும்; உள்ளே மரை மழுங்கியிருக்கும். எஞ்சினைத் தாங்கும் தண்டும் அதுவேயன்றோ!

கம்பியின் தகடு பக்கத்திற்கு 5 மில்லிமீட்டர் தடிமன். ஆகவே பழைய தண்டு இரு பக்கமும் சேர்த்து 10 மில்லிமீட்டர் குறைந்தது. நட்டின் மரை முழுதும் நிரம்பி, அதற்கு வெளியே இரண்டு மூன்று சுற்றாவது தெரிய வேண்டும். தூத்துக்குடியில் ஒரு கடைசல் பட்டறையில் ஈ.என்.8 எஃகில் அதே 26 சுற்று மரையுடன் நீளமான தண்டு கடைந்து வாங்கினோம். மரை முனைகளில் மட்டுமே இருக்க வேண்டும், தகடுகள் அமரும் இடம் வழவழப்பான தண்டாக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கடையச் செய்தேன். மரையின் பள்ளத்தில் வெட்டுவிசை விழுந்தால் போல்ட் அங்கேதான் அறுபடும்.

மேற்பட்டைக்கு 8.8 என்று தலையில் பொறித்த போல்ட்டுகளை எடுத்தோம். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இழுவலிமை: சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். அடுத்த எண், அதில் எண்பது விழுக்காடு வரை அது நிரந்தரமாக நீளாது என்பதைக் குறிக்கும். சாதாரண 4.6 போல்ட்டின் வலிமை இதில் பாதிதான். மருமகன் 12.9 கேட்டான், அதுவும் குரோமியம் பூசியது! அவ்வளவு கடினமான எஃகிற்கு மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உட்புகுந்து, முறுக்கிய பின் திடீரென நொறுங்கும் இடருண்டு. பிறகு, துருப்பிடிக்காத எவர்சில்வர் போல்ட்டைக் காட்டினான். கடலோரவாசிக்கு அந்த ஆசை இயல்பே. ஆனால் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 வகை, 8.8 போல்ட்டை விட விரைவில் நீண்டுவிடும். கிரீஸ் தடவாவிட்டால் நட்டோடு பற்றிக்கொண்டு கழலவும் மறுக்கும். துத்தநாகம் பூசிய 8.8 போல்ட்டும், அதற்கிணையான 8-ஆம் தர நட்டும், ஆண்டுதோறும் சிறிது கிரீஸும் எங்கள் ஊருக்குப் போதும். அடிபட்டால் வளைய வேண்டியது கம்பியின் குழாய். வண்டியின் சட்டம் அல்ல.

8 மில்லிமீட்டர் போல்ட்டுகளை 25 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கி, நட்டுக்கும் தகட்டுக்கும் குறுக்கே வெள்ளை வண்ணத்தால் ஒரு கோடு இழுத்தோம். நட்டு அசைந்தால் கோடு பிளந்து காட்டிவிடும். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் பார்த்தபோது, இடப்பக்கக் கீழ் நட்டின் கோடு மட்டும் விலகியிருந்தது. கழற்றிப் பார்த்தோம். கம்பியின் தடித்த வண்ணப்பூச்சு தகட்டினடியில் நசுங்கி, இறுக்கம் தளர்ந்திருந்தது. அவ்விடத்தில் இரும்பு தெரியும்வரை மருமகன் சுரண்டி, துரு ஏறாதிருக்கக் கிரீஸ் தடவி, மீண்டும் முறுக்கிப் புதிய கோடு இழுத்தான். அதன்பின் மூன்று முறை திருச்செந்தூர் வரை போய் வந்திருக்கிறான். நான்கு கோடுகளும் பிளவின்றி இருக்கின்றன.