பத்துப் பொருத்தமும் பார்த்து ஒரு ரேம்!

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், அசெம்பிள்டு கம்ப்யூட்டருக்கு ரேம் வாங்கும்போது மட்டும் 'எத்தனை ஜி.பி., என்ன விலை?' என்று இரண்டே கேள்வியோடு முடித்துக்கொள்கிறோம். மனுஷன் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்வான். மதர்போர்டு பண்ணாது சார்!

இதை எழுதுகிறவன் பி.காம். வோல்டேஜ், மெகாஹெர்ட்ஸ் எல்லாம் என் சிலபஸில் இல்லை. ஆனால் டெபிட்டும் கிரெடிட்டும் டேலி ஆகாவிட்டால் தூக்கம் வராத வியாதி உண்டு. அது இங்கே கைகொடுத்தது.

பென்னாகரத்தில் என் அக்கா மகன் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற தொழிலைச் சொந்தமாக ஆரம்பித்தான். முதலீடு, அக்காவின் இரண்டு வளையல். அவை பேங்க் லாக்கருக்குப் போக, நகைக் கடன் கைக்கு வந்தது. பிராசஸர், மதர்போர்டு, கேபினெட் வாங்கியாகிவிட்டது. ரேம் மட்டும் பாக்கி.

பார்த்து, 2025 கடைசியில் ரேம் விலை பாலக்கோடு தக்காளி மாதிரி எகிறியது. ஏ.ஐ. கம்பெனிகளின் டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனதன் விளைவு. (இது முதல் தடவை இல்லை. 1993-ல் ஜப்பானின் நீஹாமாவில் சுமிடோமோ கெமிக்கல் ஆலை வெடித்தது. சிப்புகளை மூடி ஒட்டுகிற பிசினுக்கு உலகமே அந்த ஆலையைத்தான் பெரிதும் நம்பியிருந்தது. அப்போதும் ரேம் விலை கிடுகிடு!)

"மாமா, ஒருத்தர் 32 ஜி.பி. பாதி விலைக்குத் தர்றாரு. டி.டி.ஆர்.4 தான். வாங்கிடட்டுமா?"

"ஸ்டிக்கரை போட்டோ எடுத்து அனுப்புடா."

டி.டி.ஆர்.4 என்பது நிஜம்தான். ஆனால் எண்களுக்குப் பின்னால் பவ்யமாக ஓர் 'ஆர்' எழுத்து நின்றுகொண்டிருந்தது. 'ரெஜிஸ்டர்டு' என்று அர்த்தம். பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய சரக்கு. டெஸ்க்டாப்புக்கு அந்த இடத்தில் 'யு' இருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் 288 பின்கள், வெட்டும் ஒரே இடத்தில். ஸ்லாட்டில் சமர்த்தாக உட்காரும். கம்ப்யூட்டர்தான் கண் திறக்காது. விற்கிறவரோ, 'ரிட்டர்ன் கிடையாது' என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட நல்லவர்.

பையன் விடவில்லை. "அப்போ டி.டி.ஆர்.5 வாங்கிடலாம். ஃப்ரெண்ட் இதே பிராசஸர்ல அதான் போட்டிருக்கான்!"

அதுவும் நிஜம். இன்டெல் 12-ஆம் தலைமுறை பிராசஸர் இரண்டையும் ஏற்கும். ஆனால் இவன் வாங்கிய போர்டில் டி.டி.ஆர்.4 ஸ்லாட். டி.டி.ஆர்.5-லும் 288 பின்தான் என்றாலும் வெட்டு வேறு இடம், வோல்டேஜும் 1.2 அல்ல, 1.1. பிராசஸர் மாப்பிள்ளை சம்மதித்தாலும் போர்டு மாமியார் சம்மதிக்க வேண்டாமா?

ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்து பெங்களூரு எஸ்.பி. ரோடு போனோம். கையில் போர்டின் மாடல் நம்பரும், தயாரிப்பாளர் சோதித்துப் பார்த்த ரேம்களின் பட்டியலும். 32-க்குப் பணம் எட்டவில்லை. கடைக்காரர் 16 ஜி.பி.யில் ஒற்றைக் குச்சியை நீட்டினார். நான் 8 ஜி.பி. ஜோடியாக ஒரே பெட்டியில் வந்ததைக் கேட்டேன். ஜோடியாகப் போட்டால் இரட்டைச் சேனலில் ஓடும். கனமான போட்டோக்களைப் புரட்டுகிறவனுக்கு அது லாபம். அந்தக் காலத்து பென்டியத்துக்கும் 72 பின் ரேமை ஜோடியாகத்தான் போட வேண்டியிருந்தது.

நான்கு ஸ்லாட்டில் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகினோம். 3200 என்று பெட்டியில் போட்டிருக்க, திரையில் 2666 என்று காட்டியது. பையன் முகம் சுருங்கிவிட்டது. பயாஸில் எக்ஸ்.எம்.பி. என்பதை ஆன் செய்ததும் 3200 வந்தது. (கடையில் இதை யாருமே சொல்வதில்லை. ஏன் சார்?)

தை முதல் முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தான். ஆல்பம் சொன்ன தேதிக்குப் போய்விட்டது. "இன்னும் ரெண்டு ஸ்லாட் காலியா இருக்கு மாமா" என்று இப்போது மெதுவாக ஆரம்பிக்கிறான். அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறாள்: "என் கையும்தான்டா காலியா இருக்கு!"