நடை தளர்ந்த நாட்கள்



நோய்களைப் பற்றி வைத்தியர்கள்தான் எழுத வேண்டும் என்பார்கள். நான் உரும்பிராயில் ஒரு சிறு தோட்டக்காணியில் வெங்காயம் வைத்துச் சீவிப்பவள். என்றாலும் எனக்கு வந்த ஒரு நோயைப் பற்றியும், அந்த நோயை உலகுக்கு எடுத்துச் சொன்ன ஒரு நரம்பியல் வைத்தியரைப் பற்றியும் உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். அவரை நான் ஒருநாளும் கண்டதில்லை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில் வலிகாமத்து மக்களோடு மக்களாக நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். அடுத்த ஆண்டு கிளாலிக் கடலால் வன்னிக்குப் போனோம். அந்த ஆண்டிலேயே கணவரை எறிகணைக்குப் பறிகொடுத்தேன். 1997 இல் மல்லாவிப் பக்கமாக ஒரு கொட்டிலில் என் அம்மாவும், நான்கு வயது மகளும், நானுமாக இருந்தோம். எனக்கு அப்போது இருபத்தேழு வயது.

அந்நாளில் வன்னியில் மலேரியா வராத கொட்டில் இல்லை. எனக்கும் வந்தது. ஒரு கிழமை நடுங்கிக் கிடந்தேன். குளிசை கிடைத்தது, காய்ச்சல் விட்டது. எழும்பி நடமாடத் தொடங்கி ஐந்தாறு நாள் இருக்கும். ஒரு விடிகாலை கிணற்றடிக்குக் குடத்தோடு போனேன். கால் இரண்டும் என் சொல்லைக் கேட்கவில்லை. அகல வைத்து, ஆடி ஆடி நடந்தேன். குடம் சரிந்து உடம்பெல்லாம் தண்ணீர். வாய் திறந்து பேசினால் சொல் குழறியது. சோற்றுக் கவளம் வாய்க்கு நேரே போகாமல் கன்னத்தில் முட்டியது.

"அம்மா, ஏன் ஆடி ஆடி நடக்கிறீங்கள்?" என்று மகள் கேட்டாள். அவளைத் தூக்க எனக்குப் பயமாக இருந்தது.

ஊர் வாய்க்கு வேலை வந்தது. செய்வினை என்றார்கள். புருஷன் போன ஏக்கத்தில் மூளை கலங்கிவிட்டது என்றார்கள். குடித்திருக்கிறாளோ என்று ஒருத்தி பின்னால் நின்று சொன்னதும் காதில் விழுந்தது. காட்டிய ஓரிடத்தில், பயத்தால் வந்த மனப்பிரமை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அம்மா நூல் கட்டுவித்தாள், நேர்த்தி வைத்தாள். நானோ, இனிப் பாயோடு கிடக்க வேண்டியதுதான், பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்று இரவிரவாக யோசித்தேன்.

பிறகு வேறொரு இடத்தில் ஓர் இளம் வைத்தியர் என்னைப் பார்த்தார். தன் விரலைத் தொட்டுவிட்டு மூக்கைத் தொடச் சொன்னார். ஒரு கோட்டில் நடக்கச் சொன்னார். பிறகு, "அக்கா, காய்ச்சல் எப்ப வந்தது? எத்தனை நாள் கிடந்தனீங்கள்? விட்டு எத்தனை நாளால நடை தடுமாறினது?" என்று கேட்டார். எனக்குத் திகதி நினைவில்லை. நல்ல வேளை, நிவாரண அட்டையில் அரிசி எடுத்த திகதி இருந்தது. காய்ச்சல் தொடங்கியது அதற்கு மறுநாள். அதிலிருந்து விரல் விட்டு எண்ணிச் சொன்னேன்.

அவர் ஒரு தாளில் தலையைக் கீறிக் காட்டினார். பிடரிப் பக்கமாக இருக்கும் மூளையின் பகுதிக்கு 'மூளி' என்று பெயராம். நடை, பேச்சு, கையின் குறி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துவது அதுதானாம். தாலி இழந்தவளை மூளி என்று ஏசும் நாக்குகளை அறிந்தவள் நான். அந்தச் சொல்லைக் கேட்டதும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "பயப்படாதேங்கோ, சில பேருக்கு இந்த மலேரியாவுக்குப் பிறகு மூளி கொஞ்ச நாளைக்குத் தடுமாறும். மூன்று மாதத்துக்குள்ள மாறியிடும்" என்றார். அப்படியே மாறியது. இரண்டாம் மாத முடிவில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

2002 இல் ஏ9 பாதை திறந்த பின் ஊருக்குத் திரும்பினோம். இரண்டு ஆண்டுகள் கழித்து எங்கள் கிராமத்தில் நடந்த ஒரு சுகாதாரக் கருத்தரங்கில், பேச வந்த வைத்தியரிடம் என் கதையைச் சொன்னேன். அவர்தான் பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவபீடத்தின் நரம்பியல் வைத்தியர், பேராசிரியர் நிமல் சேனாநாயக்கவின் பெயரைச் சொன்னார். காய்ச்சல் விட்ட பின் வரும் இந்தத் தள்ளாட்டத்தை 1987 இல் மருத்துவச் சஞ்சிகையில் அறிவித்தவர் அவர். பின்னர் 1994 இல் இப்படிப்பட்ட 74 நோயாளரைப் பற்றி விரிவாக எழுதினார். அந்த எழுத்து எங்கோ ஒரு வைத்தியரின் நினைவில் தங்கியிருந்ததால்தான், என் நோய்க்கு அந்த வன்னிக் கொட்டிலில் ஒரு பெயர் கிடைத்தது.

அன்று அந்த வைத்தியர் சொன்ன இன்னொரு விடயம் என்னை உலுக்கியது. அதைப் பெண்களாகிய நாம் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

1977, 78 ஆம் ஆண்டுகளில் மலையகத்தின் வெவ்வேறு தேயிலைத் தோட்டங்களில் இருபது வரையான தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குக் கால்கள் சோர்ந்தன. கைகளும் பலமிழந்தன. எல்லோரும் பருவ வயதுப் பிள்ளைகள். வீட்டில் மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பெரியபிள்ளையான நேரம் பார்த்து வந்த நோய்க்கு நம் சனம் என்ன காரணம் சொல்லியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தீட்டு, தோஷம், கண்ணூறு என்றுதான் சொல்லியிருக்கும்.

பேராசிரியர் சேனாநாயக்க நரம்புகளைச் சோதித்ததோடு நிற்கவில்லை. பிள்ளைகள் உண்டதையும் குடித்ததையும் தேடிக்கொண்டு போன இடத்தில் நல்லெண்ணெய் அகப்பட்டது. சாமத்தியப்பட்ட பிள்ளைக்கு நல்லெண்ணெய் கொடுக்கும் வழக்கம் நம் ஊரிலும் உண்டல்லவா? அந்த எண்ணெயில் டிரை கிரசைல் பொஸ்பேற்று என்ற நஞ்சு கலந்திருந்தது. இயந்திர எண்ணெய்களிலும் பிளாஸ்ரிக்கிலும் சேர்க்கும் பொருள் அது. முன்பு கனிய எண்ணெய் இருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயைக் கொண்டு வந்ததால் கலந்திருக்க வேண்டும் என்று கண்டார்கள். 1981 இல் லான்செற் சஞ்சிகையில் இதை எழுதியவர்கள் இருவர்: சேனாநாயக்க, ஜெயரத்தினம். இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டபோது, அந்தக் காலத்து எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்த நஞ்சு உடனே கொல்லாது. ஒன்று முதல் மூன்று கிழமை கழித்தே தன் வேலையைக் காட்டும். உடம்பில் மிக நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகின்றன. அவற்றின் நுனி முதலில் கருகும். அதனால்தான் பாதம் முதலில் சோரும். நரம்பு நுனிகள் மெல்ல மெல்லத் திரும்ப வளரலாம்; முண்ணாணில் ஏற்பட்ட சேதம் கால் விறைப்பாக எஞ்சிவிடும். அந்தப் பிள்ளைகளைப் பேராசிரியர் மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து எழுதியிருக்கிறார். உலகில் வேறிடங்களிலும் இதே நஞ்சு மனிதரை முடமாக்கியிருக்கிறது. 1930 இல் அமெரிக்காவில் கலப்படம் செய்த இஞ்சிச் சாராயத்தால் பல்லாயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள். 1959 இல் மொரோக்கோ நாட்டில் விமான இயந்திர எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் ஏறக்குறைய பத்தாயிரம் பேர் நடையிழந்தார்கள்.

2005 இல் என் மகள் பெரியபிள்ளையானாள். அம்மா ஒரு போத்தல் நல்லெண்ணெயோடு வந்தாள். "இது எங்க வாங்கினது? முந்தி என்ன இருந்த போத்தல்?" என்று கேட்டேன். "நல்ல காரியத்தில உது என்ன கேள்வி?" என்று அம்மாவுக்குக் கோபம். நான் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளின் கதையைச் சொன்னேன். அம்மா பேசாமல் இருந்தாள். அடுத்த நாள் அவளே எள்ளு வாங்கிக் கழுவிக் காயவைத்து, செக்குக்குக் கொண்டுபோய், வீட்டுப் பாத்திரத்தில் எண்ணெய் வாங்கி வந்தாள். வழக்கத்தை நாங்கள் விடவில்லை. எண்ணெய் வந்த வழியைக் கேட்டோம், அவ்வளவுதான்.

தோட்டக்காரப் பெண்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1987 இல் சேனாநாயக்கவும் லக்ஷ்மன் கரல்லியத்தவும் பூச்சிநாசினி நஞ்சைப் பற்றி ஒரு புதிய உண்மையை அறிவித்தார்கள். சில வகைப் பூச்சிநாசினி உடலுக்குள் போனவர் முதல் நாள் சிகிச்சையில் தேறியது போலிருப்பார். ஆனால் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும், தோள், இடுப்புத் தசைகளும் சோர்ந்து, மூச்சும் நின்றுவிடலாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமற் போவது ஓர் அறிகுறி. அப்போது மூச்சுக்கு இயந்திர உதவி கிடைத்தால் உயிர் மீளும். ஆகவே, "ஆள் இப்ப சுகம்தானே" என்று துண்டு வெட்டி வீட்டுக்குக் கூட்டிவர அவசரப்படாதீர்கள். மனமுடைந்து அப்படி ஒரு முடிவை நாடியவராக இருந்தால், அவரை ஏசாமல், தனியே விடாமல், பக்கத்தில் இருங்கள். நானும் அந்த இருட்டைப் பார்த்தவள்தான்.

எல்லாத் தள்ளாட்டமும் என்னுடையது போல் மாறிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. பாக்கின்சன் என்னும் நடுக்கவாதம் மெல்ல மெல்லக் கூடுவது. மருந்தால் நடுக்கத்தையும் விறைப்பையும் குறைத்து நெடுநாள் நடமாடலாம். ஹன்டிங்டன் நோய் அரிதானது, பெற்றவர் ஒருவரிடமிருந்து பிள்ளைக்குக் கடத்தப்படுவது. அதை அடியோடு மாற்ற இன்றும் மருந்தில்லை. எது மாறும், எது மாறாது என்பதை வைத்தியர் சோதித்துத்தான் சொல்லலாம். மாறாத நோய் என்றாலும் அது யாருடைய சாபமும் அல்ல என்று தெரிந்தால், அந்த வீட்டுச் சனம் தலை நிமிர்ந்து பராமரிக்கும்.

2016 இல் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று மல்லாவிக் கொட்டில் நினைவுக்கு வந்தது. ஆனாலும் வெளிநாட்டிலிருந்து வருபவருக்குக் காய்ச்சல் கண்டால், போய்வந்த நாட்டின் பெயரை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சகோதரிகளே, அந்த ஆராய்ச்சிகளுக்கெல்லாம் அடிப்படையாக இருந்தது நோயாளி சொன்ன வரலாறு. நாம் வெட்கப்பட்டோ பயந்தோ மறைத்தால் வைத்தியருக்கு வழி தெரியாது. நோய் தொடங்கிய திகதி, அதற்கு முன் வந்த காய்ச்சல், உண்ட உணவு, எடுத்த மருந்து எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். என்னிடம் அப்படி ஒரு கொப்பி இருக்கிறது. அதன் முதற் பக்கத்தில் ஒட்டியிருப்பது பழுத்துப்போன அந்த நிவாரண அட்டைதான்.