நான் கொடுத்த நற்சான்று

என்னிடம் படித்த ஒரு பெண்ணின் வேலைக்கு நான் உலை வைத்தேன். மொட்டைக் கடுதாசி போட்டு வைத்திருந்தால்கூடக் கொஞ்சம் வெட்கம் மிச்சமிருந்தது என்று சொல்லலாம். என் பெயர், என் பட்டம், செல்போன் நம்பர் எல்லாம் கொடுத்து, அவள் நம்பிக் கேட்ட நற்சான்றிலேயே வைத்தேன்.

வீடு ஸ்ரீரங்கம். பிழைப்பு தில்லைநகரில், மாடியறை ஒன்றில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் கணக்குப் பிரிவில் இருந்தார். காலையில் ‘ஹிந்து’ வந்ததும் தலையங்கத்தை நான் உரக்கப் படிக்க வேண்டும். பிறகு மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி எழுத வேண்டும். தப்பு வந்தால் அப்பா அடிக்க மாட்டார், சிரிப்பார். அந்தச் சிரிப்பை வீட்டுச் சொத்து மாதிரி எடுத்துக்கொண்டு நான் தில்லைநகருக்குப் போனேன். முசிறியிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் வருகிற பையன்கள் ‘இஸ்கூல்’ என்பார்கள். நானும் அதே மாதிரி ‘இஸ்கூல்’ என்று திருப்பிச் சொல்வேன். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். சொன்னவன் அப்புறம் அன்று முழுக்க வாயைத் திறக்க மாட்டான். பேச வைப்பதற்காகக் காசு வாங்குகிறவன், பேச வந்தவன் வாயை அடைத்தேன். எனக்கு அதில் நல்ல பெயர்தான்: “சார் ரொம்ப ஸ்ட்ரிக்ட்.”

வெளிநாட்டு ஆசை எனக்கு நாற்பதைத் தாண்டித்தான் வந்தது. திருச்சியில் வெளிநாடு என்றால் சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய். விமான நிலையத்திலிருந்து நேராக ஏறுகிற ஊர்கள். முந்தின தலைமுறையில் இங்கிலீஷ் வாத்தியார்கள் எத்தியோப்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் போனார்கள். என் காலத்தில் அந்தக் கதவுகள் பெரும்பாலும் சாத்தியாகிவிட்டன. கொரியாவில் இங்கிலீஷ் ஆசிரியர் விசா ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான். 2010இல் நடப்புக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியர்களுக்குப் பள்ளி உதவி ஆசிரியர் என்று ஒரு சந்து விட்டார்கள். ஸ்பெயினில் தனியார் வகுப்பு நடத்துகிறவர்கள் முதலில் கேட்பதே ஐரோப்பிய பாஸ்போர்ட் இருக்கிறதா என்றுதான். மிஞ்சியது லத்தீன் அமெரிக்கா. கொலம்பியாவில் 2004இல் அரசே இருமொழித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சிலியிலும் கிட்டத்தட்ட அதே சமயத்தில் ‘இங்கிலீஷ் கதவைத் திறக்கும்’ என்ற பெயரில் ஒரு திட்டம் வந்தது. ஆள் தேவை இருந்தது.

கொலம்பியாவில் ஒரு தனியார் பள்ளிக்கு விண்ணப்பித்தேன். அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே இரவு எட்டரை. மேலே சட்டையும் டையும், கீழே வேஷ்டியுமாக ஸ்கைப்பில் உட்கார்ந்தேன். பேசிய அம்மாள் மரியாதையாகத்தான் பேசினாள். என் தாய்மொழி எது என்று கேட்டாள். “நான் படித்ததெல்லாம் இங்கிலீஷில்” என்றேன். அது கேள்விக்குப் பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். கூடவே ஒரு கூத்தும் செய்தேன்: நாக்கைச் சுழற்றி, வாட்டரை ‘வாடர்’ ஆக்கி, அமெரிக்கக்காரன் மாதிரி பேசிப் பார்த்தேன். பாதியில் அது கழன்று பொன்மலைக்கே திரும்பிவிட்டது. சில நாள் கழித்துக் கடிதம் வந்தது: பெற்றோர்கள் இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களையே எதிர்பார்க்கிறார்கள், மன்னிக்கவும்.

கொதித்துப் போனேன். மொழியியலாளர் பிரஜ் கச்ரு 1985இல் போட்ட மூன்று வட்டங்களை எம்.ஏ. மாணவர்களுக்கு டியூஷனில் சொல்லிக் கொடுத்தவன் நான்: உள்வட்டத்தில் பிரிட்டன், அமெரிக்கா வகையறா; வெளிவட்டத்தில் இந்தியா; அதற்கும் அப்பால் விரியும் வட்டம். வெளிவட்டத்து இங்கிலீஷும் சொந்த இங்கிலீஷ்தான் என்று மேஜையைத் தட்டியிருக்கிறேன். எங்கே பிறந்தான் என்று பார்த்து ஒருவனுடைய பேச்சை எடை போடுவது என்ன நியாயம் என்று மனைவியிடம் ஒரு வாரம் புலம்பினேன். அவள் கேட்டுக்கொண்டாள். மணப்பாறைப் பையனின் ஞாபகம் அவளுக்கு வந்திருந்தால்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். எனக்கு வரவில்லை.

இப்போது அந்தப் பெண். சொந்த ஊர் கல்லக்குடி. 1953இல் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்தாரே, அந்தக் கல்லக்குடி. அப்பா சிமென்ட் ஆலையில் ஒப்பந்தக் கூலி. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், பிறகு திருச்சிக் கல்லூரி ஒன்றில் மாலை ஷிப்டில் பி.ஏ. இங்கிலீஷ், எம்.ஏ. என்னிடம் வந்தபோது அவளும் ‘இஸ்கூல்’ கட்சிதான்; அவளையும் சிரிக்க வைத்துத்தான் உட்கார வைத்தேன். பிறகு என் சென்டரிலேயே ஆரம்ப வகுப்புகளை எடுத்தாள். லால்குடி வழி பாசஞ்சரில் வரும்போது போனில் டூயோலிங்கோ போட்டு ஸ்பானிஷ் படித்தாள். இங்கிலீஷ் ஆசிரியர் வேலைக்கான 120 மணி நேர ஆன்லைன் டெஃபல் சான்றிதழும் வாங்கினாள்.

ஒருநாள் கேட்டாள்: “சார், பிரபுன்னு ஒருத்தர் இருக்காராமே, டாஸ்க் வெச்சுப் பேச வைக்கிற மெத்தட் அவரோடதாம். நம்ம மெட்ராஸ், கடலூர் ஸ்கூல்லயெல்லாம் செஞ்சு பார்த்திருக்காரு. உங்களுக்குத் தெரியுமா?” என்.எஸ். பிரபு. பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் 1979 முதல் 1984 வரை சாதாரணப் பள்ளிக்கூடங்களில் நடத்திய சோதனை; 1987இல் புத்தகமாக வந்தது. இலக்கணம் சொல்லிக் கொடுக்காமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னால் பிள்ளைகள் மொழியைத் தானாகப் பிடித்துக்கொள்வார்கள் என்ற யோசனை. உலகம் முழுக்க ஆசிரியப் பயிற்சிகளில் அவர் பெயர் வருகிறது. அன்றுவரை நான் அவரைக் கேள்விப்பட்டதே இல்லை. “ம், தெரியும்” என்றேன்.

அவளும் கொலம்பியாவுக்குத்தான் விண்ணப்பித்தாள், நற்சான்றுக்கு என் பெயரைக் கொடுத்து; பள்ளி மட்டும் வேறு. இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவார்கள் என்ற நிலையில் எனக்குப் படிவம் வந்தது. தவறுகளை எப்படித் திருத்துவார், மாணவர்களோடு எப்படிப் பழகுவார், உங்கள் பிள்ளையை இவரிடம் அனுப்புவீர்களா என்று நல்ல கேள்விகள். எல்லாவற்றுக்கும் உயர்வாகத்தான் எழுதினேன். கடைசியில் ‘வேறு ஏதாவது’ என்று ஒரு கட்டம். அதை விட்டிருக்கலாம். உச்சரிப்பில் வட்டாரச் சாயல் பலமாக இருக்கிறது, ஆனாலும் கடுமையாக உழைத்துச் சரிசெய்துகொள்வார் என்று எழுதினேன். ‘ஆனாலும்’ போட்டதும் ரொம்ப நியாயமாகத் தெரிந்தது. இந்த மாதிரி வாக்கியம் எழுதுவதற்குத்தானே தலையங்கம் சுருக்கிப் பழகினேன்.

அவசரத்தில் எழுதியதல்ல. அனுப்புமுன் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன், திரும்பி வந்து படித்தேன், ஒரு காற்புள்ளியைத் திருத்தினேன், அனுப்பினேன். எனக்குக் கிடைக்காத இடம் அவளுக்குக் கிடைக்கப் போகிறதே என்ற வயிற்றெரிச்சல் ஒரு பாதி. மறுபாதியைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது: இங்கிலீஷ் எங்கள் தெருவுடையது, எங்கள் வீட்டுத் திண்ணையில் பரம்பரையாக உட்கார்ந்திருப்பது, அவள் அதை வாசலில் நின்று வாங்கிப் போகலாம் என்ற எண்ணம். அதற்கு ஜாதித் திமிர் என்று பெயர். தரம் என்றே அதை வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வேலை கிடைக்கவில்லை. “பரவால்ல சார், வேற பார்க்கறேன்” என்றாள். ‘நான் இருக்கேம்மா’ என்று ஆறுதல் வேறு சொன்னேன்.

சில மாதங்களில் இன்னொரு கொலம்பியப் பள்ளியில் கிடைத்துவிட்டது. டிகிரிக்குச் சென்னையில் மாநில அரசின் சான்று, வெளியுறவுத் துறையின் அப்போஸ்டில், ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு, போலீஸ் சான்று என்று தனியாக அலைந்து முடித்தாள். சம்பளத்தில் வாடகையும் சாப்பாடும் போகப் பெரிதாக மிஞ்சுவதில்லை என்று எழுதினாள். ஆனால் வகுப்பு நன்றாகப் போகிறதாம். ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கும் எஸ் என்று தொடங்கும் கூட்டெழுத்து நாக்கில் நிற்காது. முன்னால் ஒரு எகரம் போட்டு ‘எஸ்கூல்’ என்பார்கள். பாம்பு சீறுகிற மாதிரி ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுத்துவிட்டுப் பிறகு ‘கூல்’ சொல்லச் சொல்கிறாளாம். “நான் அப்படித்தான் சார் கத்துக்கிட்டேன், ட்ரெயின்ல.” என் வகுப்பில் அதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. வாக்கியத்தில் எழுவாயை விழுங்குவதும் அப்படியே: தமிழிலும் ஸ்பானிஷிலும் வினைச்சொல்லே ஆளைக் காட்டிவிடும், இங்கிலீஷில் காட்டாது. அந்தப் பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது, அவளே விழுந்த இடங்கள் என்பதால்.

போன லீவில் வீட்டுக்கு வந்தாள், ஒரு பொட்டலம் கொலம்பியக் காபித்தூளோடு. மனைவி அதை ஃபில்டரில் போட்டு, சிக்கரி இல்லாத காபியில் என்ன இருக்கிறது என்று முனகிக்கொண்டே டபராவில் கொண்டுவந்தாள். மனைவி உள்ளே போனதும் சொன்னேன். பூசி மெழுகாமல், அந்த வாக்கியத்தையே சொன்னேன்.

“தெரியும் சார்” என்றாள். “இன்டர்வியூல வாசிச்சுக் காட்டினாங்க. என்ன சொல்றீங்கன்னு கேட்டாங்க. ஆமா, இருக்குன்னு சொன்னேன்.”

அடுத்த பள்ளிக்கு யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். கல்லக்குடியில் பத்தாம் வகுப்பு எடுத்த வாத்தியாராம். நாலே வரி, அதிலும் இரண்டு இலக்கணப் பிழை.

காபி ஆறிக்கொண்டிருந்தது. மன்னித்தேன் என்றெல்லாம் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, “எங்க ஸ்கூல்ல ஒரு வேகன்சி இருக்கு சார். ஜனவரி கடைசியில வருஷம் ஆரம்பிக்கும். இப்பல்லாம் நேட்டிவ்தான் வேணும்னு அடம்பிடிக்கிறதில்ல. லிங்க் அனுப்பட்டுமா?” என்றாள்.

வயசாகிவிட்டது, மனைவிக்கு மூட்டுவலி, காவேரியை விட்டு எங்கே போவது என்று என்னென்னவோ சொன்னேன். நிஜமான காரணம் வேறு. விண்ணப்பத்தோடு இரண்டு நற்சான்று கேட்பார்கள். என்னோடு ஒரே வகுப்பறையில் வேலை பார்த்த ஆசிரியர் அவள் ஒருத்திதான்.