வெள்ளோட்டம்

போன வாரம் மஞ்சளுக்குத் தண்ணி கட்டிட்டு இருந்தப்ப சின்னவனோட டீச்சர் போன் பண்ணுனாங்க. "இந்த வருசமும் ஓட்டத்துக்குப் பேர் குடுக்கறேனுங்க. ஆனா நீங்க அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிக் குடுக்காதீங்க"ன்னாங்க. காரணம் இருக்குதுங்க.

சின்னவனுக்கு 22 வயசு. அறிவுசார் குறைபாடு. சில்லறை எண்ணத் தெரியாது. ஆனா காலையில சொசைட்டிக்குப் பால் ஊத்திட்டு வாய்க்கால் மேட்டுல ஓடி வருவான் பாருங்க, கையில இருக்கற காலி கேன் ஆடாது.

போன வருசம் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் முறைப்படி நடந்த போட்டிக்குக் கூட்டிட்டுப் போனேன். 1968-ல அமெரிக்காவுல, சிகாகோவுல ஆரம்பிச்சதாம் அது. முதல்ல எல்லாரையும் ஒருக்கா ஓடவிட்டு நேரம் குறிப்பாங்க. ஏறக்குறைய ஒரே வேகத்துல ஓடறவங்களை ஒரு பிரிவாச் சேர்த்துப் பதக்கத்துக்கு ஓட விடுவாங்க. 20 விநாடிக்காரன் 14 விநாடிக்காரன்கிட்டத் தோத்துட்டு நிக்க வேண்டியதில்லை.

எனக்கு இதெல்லாம் எங்க தெரியும்? நான் ரேக்ளா ஓட்டுனவன். வெள்ளோட்டத்துல மாட்டோட முழு வேகத்தைக் காட்ட மாட்டோம். அதே புத்தியில, "இது வெள்ளோட்டம் சாமி, மெதுவா ஓடு"ன்னு காதுல சொல்லிட்டேன். சொன்னாச் சொன்னபடி கேக்கறவன். 100 மீட்டருக்கு 20 விநாடி. மத்தியானம், "இப்ப முழுசா ஓடு"ன்னேன். 16.5 விநாடி! முதல் ஆளா வந்தான். நான் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுக் குதிச்சேன்.

பதக்கத்துக்கு அவன் பேரைக் கூப்பிடலை. முதல் ஓட்டத்தை விட 15 சதவீதத்துக்கு மேல வேகமா ஓடுனா, முதல்ல வேணும்னே மெதுவா ஓடியிருக்கான்னு நீக்கிருவாங்களாம். 20 விநாடிக்கு மூணு விநாடிதான் கணக்கு. இவன் மூணரை குறைச்சிருந்தான். கலந்துக்கிட்டதுக்கு ஒரு ரிப்பன் குடுத்தாங்க.

டீச்சர் என்னைத் திட்டலை. ஒரு சங்கதி சொன்னாங்க. 2000-ல சிட்னி பாராலிம்பிக்ல இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கான கூடைப்பந்துல ஸ்பெயின் அணி தங்கம் வாங்குச்சாம். அப்புறம் பாத்தா 12 பேர்ல 10 பேருக்கு ஒரு குறைபாடும் இல்லை. அதனால இவங்க பிரிவையே நிறுத்திட்டாங்க. 2012 லண்டன்லதான் திரும்பச் சேர்த்தாங்களாம். அப்படித் திறந்த வழியிலதான், வாரங்கல் பக்கத்துக் கூலிக்கார வீட்டுப் பொண்ணு தீப்தி ஜீவாஞ்சி 2024-ல பாரிஸ்ல 400 மீட்டர் ஓடி வெண்கலம் வாங்குச்சு. ஏமாத்துனவனுக எல்லாம் புத்திசாலிங்க. 12 வருசம் வெளிய நின்னது யாரு?

பஸ்ல வரும்போது சின்னவன் கேட்டான். "அப்பா, வேகமா ஓடுனது தப்பா?"

"இல்ல சாமி, அப்பா சொன்னதுதான் தப்பு"ன்னேன். அவனுக்கு அது பிடிபடலை. அடுத்த நாள் சொசைட்டியில இருந்து கேனைத் தூக்கிட்டு நடந்து வந்தான். மறுநாளும் நடைதான். என்னைக் கண்டா நின்னு, "ஓடட்டுமா?"ன்னு கேப்பான். ஓடுன்னாலும் நாலு எட்டு ஓடிட்டுத் திரும்பி என் மூஞ்சியைப் பாப்பான். மாசக்கணக்கா இப்படி. அவங்கம்மா என்கூடச் சரியாப் பேசலை.

நேத்து மடை திருப்பிட்டு இருந்தேன். மேட்டுல தடதடன்னு சத்தம். சின்னவன்தான். கேன் ஆடலை. அவன் கண்ணுல படாம மஞ்சத் தழைக்குள்ள அப்படியே குனிஞ்சு உக்காந்துக்கிட்டேன்.