கிண்டி முதல் கிளாம்பாக்கம் வரை... அம்மாவுடன் ஒரு டவுன் பஸ் பயணம்!

தீபாவளி, பொங்கல் வந்தால் டிவியில் முதலில் காட்டுவது ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலைத்தான். 'கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு' என்ற முழுப்பெயரே நமக்கு மறந்துவிட்டது. தெற்கே போகும் எல்லோரும் இதைக் கடக்கிறோம். நின்று பார்த்திருக்கிறோமா?

போன ஞாயிற்றுக்கிழமை அந்த வாய்ப்பு கிடைத்தது. கிளாம்பாக்கம் பக்கம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். 72 வயது அம்மாவுடன் கிண்டியில் பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட் அம்மாவுக்கு.

முதலில் கத்திப்பாரா. 2008-ல் திறந்த இந்த மேம்பாலத்தை மேலிருந்து படம் எடுத்தால் பூ இதழ்கள் விரிந்த மாதிரி இருக்கும். ஆனால், அதன் அடியில் நடப்பவருக்கு அந்தப் பூ தெரியாதே! 2021 டிசம்பரில் அங்கே நகர்ப்புற சதுக்கம் வந்த பிறகுதான் கதை மாறியது. கடைகள், பஸ் நிற்க இடம், குழந்தைகள் விளையாட இடம் என்று பாலத்தின் நிழலுக்கே ஒரு வேலை கிடைத்தது.

அடுத்து விமான நிலையம். எதிரே திரிசூலம் மலை, அதன் அடிவாரத்தில் சோழர் காலக் கோயில். பிறகு பல்லாவரம். இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்ததற்கான முதல் சான்றான கற்கருவியை, 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்தது இந்த ஊரில்தான். இவ்வளவு பெருமையுள்ள ஊரில், பஸ்ஸிலிருந்து என் கண்ணில் பட்டதெல்லாம் விளம்பரப் பலகைகள்தான். குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் பெயர் பெற்ற குரோம்பேட்டையும் அப்படியே கடந்து போனது.

தாம்பரத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தத்தில் இறங்கினோம். விசேஷ வீட்டுக்குப் பழம் வாங்க வேண்டும். கடை எதிர்ப்பக்கம். நடைபாதையில் பாதியை பைக்குகள் பிடித்திருந்தன, மீதியில் ஒரு மின்பெட்டி. அதனால் ரோட்டில் இறங்கித்தான் நடந்தோம். நடுவில் தடுப்பு வேலி. கடக்க நடைமேம்பாலம் இருந்தது. இந்த ரோட்டில் சில இடங்களில் எஸ்கலேட்டர் உண்டு. நாங்கள் இறங்கிய இடத்தில் படிகள் மட்டும்தான்.

அம்மா படிகளை அண்ணாந்து பார்த்தார். "முட்டி கேக்காதுடா. நீ போய் வாங்கிட்டு வா, நான் இங்கேயே நிக்கிறேன்."

நான் திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. உட்கார இருக்கை இல்லை, நிழல் இல்லை. ஒரு மின்கம்பத்தின் மெல்லிய நிழலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

சாலைக்கு அழகு என்றால் தூண்களில் ஓவியமும், நடுத்தடுப்பில் அரளியும் என்றே நினைக்கிறோம். அரளி நல்ல செடிதான். மாடு மேயாது, தண்ணீர் அதிகம் கேட்காது, எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணைக் கூசாமல் மறைக்கும். ஆனால், அதெல்லாம் வண்டியில் போகிறவருக்கு. நடக்கிறவருக்கு?

தி.நகர் பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கி, உட்கார இருக்கைகளும் போட்டார்கள். இன்று அங்கே சும்மா நடக்கவே மக்கள் வருகிறார்கள். நெடுஞ்சாலையை அப்படியே மாற்ற முடியாது. ஆனால், பிரதான சாலைக்கும் சர்வீஸ் ரோட்டுக்கும் நடுவே ஒரு வரிசைப் புங்கமரம் வைக்கலாம். நிறுத்தங்களில் நிழலும் இருக்கையும் தரலாம். சிக்னல் உள்ள இடத்தில், கடக்கிறவர் சாலை நடுவே பத்திரமாக நின்றுபோக ஒரு திட்டு அமைக்கலாம். படி மட்டும் உள்ள நடைமேம்பாலத்துக்கு ஒரு லிஃப்ட் வைக்கலாம். இவை வந்தாலே பாதி அழகு வந்துவிடும்.

மறுபடி பஸ். வழியில் வண்டலூர் பூங்கா. 1855-ல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய மிருகக்காட்சி சாலை, 1985-ல்தான் இங்கே குடிவந்தது. "உன்னை இங்க கூட்டிட்டு வந்தப்போ ரோட்டை நடந்தே தாண்டினோம், ஞாபகம் இருக்கா?" என்றார் அம்மா.

கடைசியில் கிளாம்பாக்கம். 88.52 ஏக்கரில், 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட பேருந்து முனையம். உள்ளே விசாலமான கூடம், நிறைய இருக்கைகள், லிஃப்ட். விசேஷ வீட்டார் வண்டி அனுப்பும் வரை அம்மா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, இங்க வைக்கத் தெரிஞ்சவங்களுக்கு அங்க ஒண்ணு வைக்கத் தெரியாதா?"

பழப்பையை மடியில் வைத்துக்கொண்டு நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.